கொழிஞ்சி நயினார்

சங்கிலிப்பாண்டி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தழைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அது 1923ஆம் வருஷம், வைகாசிக் கடைசி. குற்றாலத்து மலையில் செண்பகாதேவி அருவிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையோரம், வயலில் உரமாக மிதிப்பதற்குத் தழை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து திபுதிபுவென்று காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஒரு வாலிபன் மேட்டில் மூச்சிரைக்க ஓடிவருகிறான். மலையில் ஒருத்தன் இப்படித் தனியாக ஓடினால், பின்னால் யானை வரவேண்டும், இல்லாவிட்டால் கரடி வரவேண்டும். சங்கிலிப்பாண்டி கட்டைப் போட்டான், அரிவாளைப் போட்டான், அந்த வாலிபனுக்கு முன்னால் விழுந்தடித்து ஓடினான்.

ஒரு பாறைத் திருப்பத்தில் கால் ஓய்ந்து நின்று திரும்பிப் பார்த்தான். யானையும் இல்லை, கரடியும் இல்லை. வாலிபன் மட்டும் முழங்காலில் கையூன்றி நின்று அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதீரே. எந்தக் காலேஜ்?" என்று கேட்டான்.

தழை வெட்டுகிறவனை 'நீர்' என்று அழைத்த முதல் பெரிய வீட்டுப் பிள்ளை அவர்தான். பெயர் ஆறுமுகநயினார். தென்காசி ரதவீதியில் பழைய பண்ணையார் வீடு. பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மைல் ஓட்டத்தில் ஜில்லாவிலேயே அவரை முந்த ஆள் கிடையாது. சமதரையில் ஓடி அலுத்துப்போய், விடுமுறைக்கு வந்தால் மலைப்பாதையில் ஓடிப் பழகுவார். யாரும் துரத்தாமல் ஒருத்தன் தினமும் மலையேறி ஓடுகிறான் என்கிற விஷயமே சங்கிலிப்பாண்டிக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பாதையில் மூச்சு வாங்க நிற்க வேண்டிய இடங்கள் ஏழு இருந்தன. நிற்கிற இடத்தில் சும்மா நிற்க முடியாத பிறவி நயினார். முதல் இடத்தில் ஒரு மரம், இரண்டாம் இடத்தில் ஒரு கொடி, மூன்றாம் இடத்தில் பாறையிடுக்கில் ஒரு தவளை என்று பார்க்கத் தொடங்கினார். என்ன மரம், எப்போது தளிர் விடும், எந்தப் பறவை வந்து உட்காரும் என்று சங்கிலிப்பாண்டியைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். இரண்டாம் வருஷம் மூச்சு வாங்காமலேயே நிற்க ஆரம்பித்தார். அத்தோடு அவருடைய ஓட்டம் கெட்டது என்று காலேஜ் டிரில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கெடவில்லை. 1925இல் சென்னைப் பட்டணத்தில் நடந்த மாகாணப் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய வெள்ளிக்கோப்பையோடு ரயிலில் வந்து இறங்கினார். தென்காசி ஸ்டேஷனில் நாகஸ்வரமே வைத்தார்கள்.

அந்தக் காலோடு போலீஸில் சேர்ந்திருந்தால் சப்-இன்ஸ்பெக்டர் வேலை காத்துக்கொண்டிருந்தது. அவரோ கோயம்புத்தூருக்கு விவசாயம் படிக்கப் போனார். அவருடைய தகப்பனார் வல்லிநாயகத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மண்ணைக் கிளற நம் வீட்டில் இருபது ஆள் இருக்கும்போது அதற்கு ஒரு பட்டமா என்று ஒரு மாதம் மகனோடு பேசவில்லை. பட்டம் வாங்கி, சர்க்கார் விவசாய இலாகாவில் சேர்ந்து, இரண்டு மூன்று ஊர் மாறி, 1933இல் தென்காசிக்கே விவசாய அதிகாரியாக வந்து சேர்ந்தார் நயினார். வந்த மறுநாளே சங்கிலிப்பாண்டியின் வீட்டைத் தேடிக்கொண்டு மேலப்பத்து கிராமத்துக்கு வந்துவிட்டார். தனக்குக் கீழே வயல் மேஸ்திரியாக ஒரு ஆள் போட்டுக்கொள்ள உத்தரவு இருப்பதாகவும், மலையையும் வயலையும் தெரிந்த ஆள் வேண்டும் என்றும் சொன்னார். சங்கிலிப்பாண்டி யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் பெண்டாட்டி மாடத்தி யோசிக்கவே இல்லை. மாதச் சம்பளம் என்கிற வார்த்தை காதில் விழுந்ததுமே உள்ளேயிருந்து வந்து, அவர் நாளைக்கே வருவார் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கு இருவரும் பழைய பாதையில் மலையேறினார்கள். பத்து வருஷத்தில் அந்தப் பாதை அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஏழு இடத்தில் ஐந்து இடம் மொட்டை. மரம் நின்ற இடமெல்லாம் உன்னிச்செடி முள்ளாக மண்டிக் கிடந்தது. நயினார் நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார். சங்கிலிப்பாண்டி தரையைப் பார்த்தான். அதில் பாதி மரத்தின் கிளைகளைக் கழித்தவன் அவன்தான். வெட்டாமலும் இருக்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு வரும், ஆனால் தழை போட்டு மிதிக்காத வயலில் நெல் சவலைப் பிள்ளையாகத்தான் நிற்கும். தழை மலையில் இருந்தது. வருஷா வருஷம் வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு வண்டி வண்டியாக மலைக்குப் போனார்கள். மிச்ச இரண்டு இடமும் இருந்த பாலூத்துச் சரிவு ஒன்றுதான் தப்பியிருந்தது. சர்க்கார் அங்கே மட்டும் யாரையும் தழை வெட்ட விடுவதில்லை. நயினாரின் நோட்டில் பாதிக்குமேல் அந்தச் சரிவுதான். இருவாச்சிப் பறவை கூடு வைக்கிற ஒரு கிழட்டு மரம் அங்கே இருந்தது. பெட்டை பொந்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொள்ள, ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டுவதை அவர் நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தார்.

தழையை மலையிலிருந்து கொண்டுவராமல் வயலிலேயே விளைவித்துவிட்டால் மலையும் பிழைக்கும், நெல்லும் பிழைக்கும் என்பது நயினாரின் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. ஊரில்தான் இருந்தது.

மாசியில் பிசான நெல் அறுத்து முடிந்தால் வைகாசி வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். அந்த மூன்று மாதத்தில் சணப்புச் செடி விதைத்து வளர்த்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுவது என்று திட்டம் போட்டார். சங்கிலிப்பாண்டியின் அண்ணன் சுடலைமாடன் முணுமுணுத்துக்கொண்டே தன் வயலில் ஒரு ஏக்கர் விட்டுக்கொடுத்தான். சணப்பு முழங்கால் உயரம் பச்சைப்பசேலென்று எழும்பியது. நயினார் தினம் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். ஒருநாள் மத்தியானம் ஊர் மாடு நாற்பதும் வந்தன.

அறுத்த வயல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பொது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பட்டா யார் பேரில் இருந்தாலும் சரி, அறுப்புக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் அந்த வயலில் மேய்கிற மாட்டை யாரும் விரட்டக் கூடாது. விரட்டினால் பஞ்சாயத்து. நயினார் வயல்காரர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் வரப்பில் நடந்து வளர்ந்தவர் இல்லை. இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. சங்கிலிப்பாண்டிக்குத் தெரியும். அதிகாரி போட்ட திட்டத்தில் மேஸ்திரி குறை சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

மாகாணத்திலேயே முதலாவதாக ஓடியவர் மாட்டுக்குப் பின்னால் ஓடியதை அன்று மேலப்பத்தே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு மாட்டை இந்த மூலையில் விரட்டினால் நான்கு மாடு அந்த மூலையில் மேய்ந்தன. தொப்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போயிற்று. கால்மணி நேரத்தில் ஒரு ஏக்கர் சணப்பும் தட்டோடு தீர்ந்துபோயிற்று. மாடுகள் அசைபோட்டுக்கொண்டு தாமாகவே கரையேறின. ஓட்டத்தில் மாடுதான் ஜெயித்தது என்று ஆலங்குளம் சந்தை வரைக்கும் பேச்சுப் போயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நயினார், திடீரென்று எழுந்து வண்டிப்பாதை ஓரமாகப் போய்க் குனிந்தார். நாற்பது மாடும் போகும்போதும் வரும்போதும் மிதித்த ஓரத்தில் ஒரு செடி மட்டும் இலை குலையாமல் நின்றது. ஊதாப்பூ, புளியிலை மாதிரிச் சின்ன இலை. கொழிஞ்சி. தரிசில் முளைத்துத் தரிசில் காய்கிற செடி, அதை யாரும் ஒரு பொருளாக மதித்ததில்லை.

"பாண்டி, இத மாடு திங்காதோ?" என்று கேட்டார்.

"கசக்கும் அய்யா. ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

"ஊர் வழக்கத்த நாம மாத்த வேண்டாம். மாடு பாட்டுக்கு மேயட்டும். மாடு திங்காத தழைய விதைப்போம்" என்றார் நயினார். முகத்தில் மாடு கிளப்பிய புழுதி அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் கீழப்பாவூர்ப் பக்கத்துச் செம்மண் தரிசுகளில் கொழிஞ்சி நெற்று பொறுக்கி, இரண்டு மூட்டை விதை சேர்த்து, நான்கு பேர் வயலில் விதைத்தார்கள். பதினைந்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக வழுக்கைத் தலையில் மயிர் முளைத்த மாதிரி நான்கு செடி வந்தது. மாடு தின்னாத தழை சரி, மண்ணே தின்றுவிட்டதே என்று சுடலைமாடன் சிரித்தான். அந்த வருஷம் அந்த நான்கு பேரும் நயினாரை நம்பித் தழைச்சீட்டு வாங்காமல் விட்டவர்கள். கார் பருவ நெல் விளைச்சல் பாதிக்குப் பாதி விழுந்தது.

அப்போது நயினார் செய்ததை சங்கிலிப்பாண்டி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். வேறு அதிகாரியாக இருந்தால் மழை சரியில்லை, உழவு சரியில்லை, ஆள் சரியில்லை என்று அறிக்கை எழுதி ஜோலியை முடித்திருப்பார். நயினார் நான்கு பேர் வீட்டுக்கும் நடந்தே போனார். வாசலில் நின்றுகொண்டு, "தப்பு என்னுது. உங்க வயல் மேலயும் குத்தம் இல்ல, கை மேலயும் குத்தம் இல்ல. என்ன தப்புன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் வந்து சொல்லுதேன்" என்றார். சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருத்தன் தப்பு என்னுது என்று சொல்லி அந்த ஊர் கேட்டதே கிடையாது. ஆளுக்கொரு செம்பு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

என்ன தப்பு என்று கடைசியில் சொன்னது மாடத்தி. சம்பளத் தேதி தள்ளிப்போன எரிச்சலில் இருந்தவள், தண்ணீர் எடுத்துவிட்டு வந்த வழியில், விதை முளைக்கவில்லை என்று இரண்டு ஆம்பிளைகள் முற்றத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குடத்தை இறக்கினாள்.

"வண்டித்தடத்துல மட்டும் காடா மொளைச்சிக் கெடக்கே, அதப் பாக்கலியா? சக்கரம் ஏறி நெரிச்ச வெத மொளைக்கு. நீங்க பூப்போல எடுத்துட்டுப் போயி வெதைச்சா அது எங்க மொளைக்கும்?"

நயினார் எழுந்து போய் வண்டித்தடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அவருடைய ஆபீஸ் அறை முழுக்க மண்சட்டி. நூறு விதை அப்படியே, நூறு விதை வெந்நீரில் போட்டது, நூறு விதை ஆற்றுமணலோடு உரலில் போட்டு நூறு குத்துக் குத்தியது, இருநூறு குத்துக் குத்தியது என்று வரிசை வரிசையாக எழுதி ஒட்டி வைத்தார். உரலில் குத்தி எண்ணிச் சொல்கிற வேலை சங்கிலிப்பாண்டிக்கு. ஊரில் ஆம்பிளை உரல் குத்துகிறான் என்கிற பட்டம் அவனுக்கு அப்போது கிடைத்தது. கொழிஞ்சி விதையின் தோல் கல்லுக்குச் சமானம். மணலோடு குத்தி மேல்தோல் உராய்ந்தால்தான் ஈரம் உள்ளே போகும். குத்திய விதையில் நூற்றுக்கு எண்பது முளைத்தது. நயினார் இதை இரண்டு பக்கக் குறிப்பாக இலாகாப் பத்திரிகைக்கு எழுதினார். முதலில் கண்டு சொன்னவர் மேலப்பத்து மாடத்தி என்று அதில் அச்சில் வந்தது. அச்சான தாளை நயினார் கொண்டுவந்து காட்டியபோது, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள் மாடத்தி. படிக்கத் தெரியாது. அன்றைக்கு அவள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நயினார் சொன்னபடி மறுபடியும் நான்கு வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொன்னார். நான்கு பேர் எட்டுப் பேர் ஆனார்கள், எட்டு முப்பது ஆயிற்று. இடையில் மூன்று வருஷம் கோவில்பட்டிப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் சட்டியில் கொழிஞ்சி வளர்த்துக்கொண்டிருந்துவிட்டு 1941இல் திரும்பி வந்தார். ஊர் அவருக்குக் கொழிஞ்சி நயினார் என்று பேர் வைத்திருந்தது. கேலிக்கு வைத்த பேர்தான், நாளாக நாளாக மரியாதை ஏறிக்கொண்டது.

சண்டைக்காலம் வந்து எல்லாவற்றையும் குலைத்தது. பர்மா அரிசி நின்றது. சீமை உரம் நின்றது. ரேஷன் வந்தது. ஒரு மணி நெல்லாவது கூட விளைவி என்று மேலிருந்து உத்தரவு மேல் உத்தரவு. 1943 கார்த்திகையில் ஜில்லாக் கமிட்டி கூடி, தழைக்குப் பாலூத்துச் சரிவைத் திறந்துவிடலாமா என்று பேசியது. அதற்கு விவசாய இலாகா அறிக்கை வேண்டும். இந்தத் தாலுகாவுக்கு எத்தனை வண்டித் தழை வேண்டும், கொழிஞ்சியில் எத்தனை கிடைக்கும், பற்றாக்குறை எவ்வளவு? கையெழுத்துப் போட வேண்டியவர் ஆறுமுகநயினார்.

ஐந்து நாள் இருவரும் ஊர் ஊராகப் போய் வயல் வயலாக எண்ணினார்கள். பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடுகிற காலம், பாதி நாள் அதுவும் ஓடாது. நயினாருக்கு நாற்பது வயது. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், சங்கிலிப்பாண்டி பின்னால் திட்டிக்கொண்டே ஓடினான். எல்லாம் எண்ணி முடித்துக் கூட்டிப் பார்த்தால், விதை முழுக்கச் சேர்த்து விதைத்தாலும் வரப்போகிற கார் பருவத்துக்கு முந்நூறு வண்டித் தழை குறைந்தது.

ஆபீஸ் மேஜையில் அறிக்கைத் தாள் கிடந்தது. சங்கிலிப்பாண்டி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முந்நூறு என்று எழுதினால் சரிவு போயிற்று. வண்டிப்பாதை ஒன்று விழுந்துவிட்டால் மூன்று வருஷத்தில் அங்கேயும் உன்னிமுள்தான். அது அவனுக்குத் தெரியும், அவன் வெட்டியவன்.

"அய்யா, முந்நூற முப்பதுன்னு போட்டா யாரு வந்து எண்ணப் போறா?" என்றான்.

நயினார் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தான். கோபப்படவில்லை.

"முப்பதுன்னு எழுதலாம் பாண்டி. என் மரம் பொழைச்சுக்கிடும். வைகாசியில உம்ம அண்ணன் வயல் தழை இல்லாமக் கெடக்கும். ஐப்பசியில உம்ம மதினி என் வீட்டு வாசல்ல வந்து நிப்பா. அவளுக்கு இருவாச்சியையா காட்டச் சொல்லுதீரு? எனக்குச் சம்பளம் குடுக்கது அவ."

முந்நூறு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை காய்கிற வரைக்கும் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்புகிற தகப்பன் முகம் அப்படித்தான் இருக்கும். சங்கிலிப்பாண்டி வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டான்.

உத்தரவு வந்துவிட்டது. வைகாசி முதல் தேதியிலிருந்து பாலூத்துச் சரிவில் தழை வெட்டிக்கொள்ளலாம், முந்நூறு வண்டி வரைக்கும், சீட்டு இலவசம். நயினாருக்கு மிஞ்சியது ஒரு வழிதான். தழையைக் குறைவில்லாமல் வயலில் விளைவிப்பது. மாசி அறுப்புக்குள் கிடைத்த நெற்றையெல்லாம் பொறுக்க வைத்தார். மாடத்தி நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு உரல் உரலாக மணலோடு குத்தினாள். சித்திரையில் இரண்டு நல்ல மழையும் பெய்தது. கொழிஞ்சி இடுப்பளவு நின்றது. ஆனாலும் அவர் எண்ணியது எண்ணியபடியேதான் இருந்தது. விதை போதாத வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. முந்நூறு வண்டி குறைந்தது குறைந்ததுதான்.

சித்திரைக் கடைசியில் மேலப்பத்து அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி உத்தரவைப் படித்தார். சீட்டு எங்கே கிடைக்கும், எந்தப் பாதையில் வண்டி போகலாம், எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். வெட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுடலைமாடன் எழுந்தான். அவன் வயலும் விதை கிடைக்காத வயல்களில் ஒன்று.

"நீரு எங்களப் போகச் சொல்லுதீரா, வேண்டாங்கீரா?"

"வயலுக்குத் தழை வேணும்னா போகணும். அது ஒமக்குள்ள உரிமை."

"அங்கன ஒமக்கு என்னவோ இருக்குன்னு தம்பி சொல்லுதான். என்ன இருக்கு?"

நயினார் பதில் சொல்ல வாயெடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருவது வருசமாத் தெரிஞ்ச மரம் நாலஞ்சு இருக்கு" என்றார். அதற்குமேல் பேசாமல் படித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் கலையாமல் உட்கார்ந்திருந்தது. தப்பு என்னுது என்று வாசலில் வந்து நின்ற மனுஷன், தன் மரத்துக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று யாரோ ஒருவர் சொன்னார். சங்கிலிப்பாண்டி அறிக்கை எழுதிய கதையை, முப்பதையும் முந்நூறையும், மறைக்காமல் சொன்னான். யாரும் எதுவும் தீர்மானம் பண்ணவில்லை. அவரவர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

வைகாசி முதல் தேதி விடிந்ததும் நயினாரும் சங்கிலிப்பாண்டியும் சரிவின் அடிவாரத்து வனத்துறைக் கேட்டில் போய் நின்றார்கள். எத்தனை வண்டி போகிறது என்று எண்ணி எழுதுவது நயினாரின் வேலை. வனக் காவலர் சீட்டுப் புஸ்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. ஒரு வண்டியும் வரவில்லை. தேதியை மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று நயினார் உத்தரவை எடுத்து மறுபடியும் படித்தார். தேதி சரியாகத்தான் இருந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு வண்டி வந்தது. சங்கிலிப்பாண்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஓட்டி வந்தவன் அவன் அண்ணன்.

சுடலைமாடன் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைப் பார்த்தான், கேட்டுக்கு அந்தப் பக்கம் பாதையைப் பார்த்தான். சக்கரத்தடம் ஒன்றுகூட இல்லை.

"யாரும் வரலியா?"

"வரல" என்றான் தம்பி.

"யாராவது வந்திருப்பாங்கன்னு பாத்தேன்." கழுத்தைச் சொறிந்துகொண்டான். "ஊர்ல எவனும் வராம நான் மட்டும் எப்படில போவேன்? எம் மொகத்துல முழிப்பானுங்களா?" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டி வண்டியைத் திருப்பினான். திருப்பும்போது நயினாரைப் பார்க்கவில்லை. கள்ளத்தனம் பண்ண வந்து மாட்டிக்கொண்டவன் மாதிரிக் குனிந்துகொண்டு போனான்.

மத்தியானம் வரைக்கும் நின்றார்கள். பிறகு கீழே இறங்கி மேலப்பத்துக்குப் போனார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் சங்கிலிப்பாண்டிக்கு ஊர் மாறிப்போனதாகத் தோன்றியது. வழி தவறிவிட்டோமா என்றுகூட நினைத்தான். வீட்டுக்கு வீடு வேலியில் நின்ற பூவரசு மொட்டையாக நின்றது. கிணற்றடி வேம்பு மொட்டை. கோயில் கொல்லைப் புங்கு மொட்டை. எருக்கும் ஆவாரையும் அடியோடு காணோம். தெரு முழுக்க உதிர்ந்த இலை. கிழவர் முதல் குமரி வரைக்கும் அரிவாளும் கையுமாக அவரவர் வாசல் மரத்தைக் கழித்து, கட்டுக் கட்டாக வயலுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். முந்நூறு வண்டி அதில் தேறாது, நூறு தேறினால் பெரிது. அது நயினாருக்கும் தெரியும், வெட்டுகிறவர்களுக்கும் தெரியும். சுடலைமாடன் அதற்குள் வந்து, தன் வீட்டுப் பூவரசின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

சங்கிலிப்பாண்டி வீட்டு முற்றத்துப் புங்கமரத்திலும் இலை இல்லை. மாடத்தி கடைசிக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரியைப் பார்த்ததும் எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டாள். நிழலில் போட இடம் தேடினாள், எங்கேயும் நிழல் இல்லை.

"வெயிலா இருக்கே அய்யா. உள்ள வந்து இரியும்" என்றாள்.

"இங்கனயே இருக்கேன் தாயி" என்றார் நயினார். உச்சி வெயிலில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, மொட்டை மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. சங்கிலிப்பாண்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மாடத்தி கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனாள்.